பழைய வேன் வாங்கப் போகிறீர்களா?



வெளிநாட்டுப் படங்களில் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கும். கேரவன் என்று அதற்குப் பெயர். கடற்கரை ஓரமாக நிறுத்தி, பத்து நாள் படுத்துக் கிடந்துவிட்டு வீடு திரும்புவார்கள். நம்மவர்களிடமும் சக்கரத்தின் மேல் ஒரு வீடு உண்டு. ஆனால் அது படுத்துக் கிடக்க அல்ல, பிழைக்க. பழைய வேன்தான் அது.

மாலை நாலு மணிக்கு மேல் சுபாங் ஜெயா பக்கம் போய்ப் பாருங்கள். வேனின் பின்கதவைத் தூக்கி நிறுத்தி, ஒரு மேசையைப் போட்டு, வடையும் நாசி லெமாக்கும் விற்கிற குடும்பங்களைக் காணலாம். இன்று அது மாநகரம். 2020 அக்டோபர் 20ஆம் தேதி அந்தப் பெருமை கிடைத்தது. 1970களின் பிற்பாதியில் வீடுகள் எழும்பும் வரை அதில் பெரும் பகுதி சீபீல்டு தோட்டம். அங்கே பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். வெட்டுக்கத்தி போய் ஸ்டீயரிங் கைக்கு வந்திருக்கிறது.

எந்தப் பணத்தில் இந்த வேனை வாங்குகிறோம் என்பதை முதலில் யோசியுங்கள். சேமநிதிப் பணம். இல்லையென்றால் தோட்டத்தில் ஆட்குறைப்புச் செய்தபோது கிடைத்த இழப்பீடு. 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு விதிப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் கூலி. முப்பது வருடம் பனியிலும் மழையிலும் நின்றவருக்கு 600 நாள் கூலி. சட்டம் உறுதி சொல்லும் குறைந்தபட்சத் தொகை இது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 12,000 வெள்ளி வேன் என்றால் சுமார் 184 நாள் உழைப்பு. நான் பள்ளிக்கூடத்து ஆள், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. நீங்களும் போட்டுப் பாருங்கள். 184 நாள் உழைப்பைக் கொடுப்பவர், அந்த வேனைப் பார்க்க அரை நாளாவது செலவிட வேண்டாமா?

வேனைப் பகலில் பாருங்கள். மழையில் நனைந்த வண்டி பளபளக்கும். கீறலும் மங்கலும் தெரியாது. இரவில் கடை விளக்கின் கீழே எல்லா வண்டியும் மாப்பிள்ளைதான். போவதற்கு முன்பே, "அண்ணே, நாங்கள் வரும்வரை எஞ்சினை முடுக்காமல் வையுங்கள்" என்று போனில் சொல்லிவிடுங்கள். குளிர்ந்து கிடக்கிற எஞ்சின்தான் உண்மை பேசும். முன்னதாகச் சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். நம் வட்டாரத்தில் ஓடும் நிசான் வெனெட், டொயோட்டா ஹையேஸ் போன்றவற்றில் எஞ்சின் முன் இருக்கையின் அடியில் இருக்கும். இருக்கையைத் தூக்கச் சொல்லிக் கை வைத்துப் பாருங்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எஞ்சின் கெட்டால் மாற்றலாம். தகரம் கெட்டால் வண்டியே போயிற்று. பால்மரத்தின் பட்டையைத் தடவியே அதன் வயதைச் சொல்கிற ஆட்கள் நம்மில் உண்டு. அதே கையால் வேனையும் தடவுங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடிவிளிம்பு, கூரையோரம் மழைநீர் வழியும் பள்ளம் ஆகிய மூன்று இடங்களில்தான் துரு முதலில் குடியேறும். விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். மாவுபூசி அடைத்த இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரத்தில் ஒட்டும், மாவில் ஒட்டாது. காந்தம் நழுவிக்கொண்டே போகிற வேன் என்றால், அதை விற்கிறவர் உங்களுக்குச் சாயத்தைத்தான் விற்கிறார்.

பிறகு தரைவிரிப்பைத் தூக்குங்கள். "ஒட்டியிருக்கிறது, தூக்க வராது" என்பார்கள். வரும். சாப்பாடு விற்ற வேன் என்றால் உப்புத் தண்ணீரும் குழம்பும் வழிந்து வழிந்து தரையை அரித்திருக்கும். மீன் ஏற்றிய வேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையின் நடுவிலோ கதவுத் தூண்களிலோ பற்றவைத்த தழும்பு குறுக்கே கோடு போட்டாற்போல் ஓடுகிறதா என்று பாருங்கள். விபத்தில் நொறுங்கிய இரண்டு வண்டிகளை வெட்டி, ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் ஒட்டி விற்பது நம் நாட்டில் நெடுநாளாக நடக்கிற வேலை. அந்தத் தழும்பு இருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி, ஓடும்போது இரண்டாக விலகினால் என்ன ஆகும்?

அடுத்ததுதான் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய பிரச்சினை. வெள்ளம்! 2021 டிசம்பர் 18ஆம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டின் கீழ்த்தளத்தையே விழுங்கியது. கார், வேன், மோட்டார் சைக்கிள் எதுவும் தப்பவில்லை. வாகனக் காப்புறுதி முழுமையானதாக இருந்தாலும், வெள்ளத்துக்கென்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் இழப்பீடு கிடைக்கும். அப்படிச் சேர்க்காதவர் என்ன செய்வார்? கழுவி, காயவைத்து, விற்கத்தான் பார்ப்பார். அவர் கஷ்டம் அவருக்கு. ஆனால் அது உங்கள் தலையில் விடியக் கூடாது.

வெள்ளம் பார்த்த வண்டியைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. இருக்கை வாரைப் பிடித்து, முடிகிற மட்டும் முழுக்க வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் கைக்கு எட்டும் பாதியைத்தான் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை வரம்பு கட்டி நிற்கும். இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? தலைவிளக்கின் கண்ணாடிக்குள் ஈரப்புகை படர்ந்திருக்கிறதா? மாற்றுச் சக்கரம் வைக்கும் இடத்தில் காய்ந்த மண் இருக்கிறதா? இவற்றையெல்லாம் விட, மூக்கை நம்புங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதவுகளைச் சாத்திப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வீட்டு அம்மாவையும் உட்கார வையுங்கள். ஆண்களுக்கு எஞ்சின் சத்தம்தான் கேட்கும். நனைந்த சாக்கின் வாடை முதலில் பெண்களுக்குத்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம். வாசனைத் திரவம் தாராளமாக அடித்து வைத்திருந்தால், அதுவே ஒரு பதில்.

வெள்ளத்தில் நனைந்த வேன் அன்றைக்கே நின்றுவிடாது, அதுதான் அதன் சூது. மின்கம்பிகள் உள்ளே பச்சைபிடித்து மெல்ல அரிக்கும். ஆறு மாதம் கழித்து, ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு, நாசி லெமாக் பொட்டலங்களை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, சாவியைத் திருப்பினால் மூச்சு வராது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்; ஏனென்றால் இதற்கு உங்களோடு ஒரு போர்மேன் வர வேண்டும். விற்கிறவர் காட்டுகிற போர்மேன் அல்ல, உங்களுக்குத் தெரிந்தவர். அவருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்து அழைத்துப் போவது செலவு அல்ல. இருந்தாலும் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால், தண்ணீர் உள்ளே கலக்கிறது என்று பொருள், வேண்டாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. முடுக்கியதும் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் புகையைக் கவனிக்கச் சொல்லுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறது. டீசல் வண்டியில் காலை மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பாக வருவது வழக்கம். ஊரையே மறைக்கும் அளவுக்கு வந்தால் வழக்கமல்ல.

மைல் மீட்டரை அதிகம் நம்ப வேண்டாம். அதைத் திருப்பிவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். 80,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார், ரப்பரோ தேய்ந்து இரும்பு தெரிகிறது என்றால் எது பொய் என்று ஆறாம் ஆண்டு மாணவன்கூடச் சொல்லிவிடுவான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. பூப்போட்ட தடம் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டிருக்கும். ரப்பரைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? நான்கு டயரில் ஒன்று மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், அடியில் ஏதோ கோணல்.

வேனை ஓட்டிப் பாருங்கள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. மேடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் போக வேண்டும். முடிந்தால் குடும்பத்தை எல்லாம் ஏற்றிக்கொள்ளுங்கள். காலி வேன் குதிரை மாதிரி ஓடும். எரிவாயுத் தோம்பு, அரிசிமூட்டை, அண்டா, நான்கு ஆள் ஏறினால்தான் அதன் இடுப்பு எப்படி என்று தெரியும். மேட்டில் நிறுத்திக் கைபிரேக்கை இழுங்கள். பின்னால் நழுவினால் விலையும் நழுவ வேண்டும்.

ஏற்கெனவே அடுப்பு பொருத்திய வேனாக இருந்தால் இன்னொரு சோதனை. எரிவாயுக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, வாயுவைத் திறந்துவிடுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வேனைவிட்டு இறங்கி ஓடுங்கள்.

இனி தாள்களைப் பார்ப்போம். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். இரும்பைத் தட்டிப் பார்க்கிறவர்கள்கூட, காகிதம் என்றால் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

கிராண்டைக் கேளுங்கள். படி எடுத்த தாள் போதாது, அசல். அதில் உள்ள அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளி போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். எண் இருக்கும் இடத்தைச் சுரண்டி, மறுபடி வெட்டியது போலிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். விற்கிறவரின் அடையாள அட்டைப் பெயரும் கிராண்டில் உள்ள பெயரும் ஒன்றா? "என் மச்சான் வண்டி" என்றால், மச்சான் வந்து பேசட்டும். அபராதச் சம்மன் நிலுவை உண்டா என்பதை அவர் தன் கைப்பேசியில் மைபாயார் பி.டி.ஆர்.எம். செயலியைத் திறந்து உங்கள் கண்முன்னே காட்டட்டும். சாலை வரி எப்போது முடிகிறது என்பது மைஜே.பி.ஜே. செயலியில் தெரியும். 2023 பிப்ரவரி முதல் தனியார் வண்டிகளின் கண்ணாடியில் சாலைவரி ஒட்ட வேண்டியதில்லை என்பதால், கண்ணாடியைப் பார்த்து இனி எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

கிராண்டில் ஒரு வங்கியின் உரிமை பதிந்திருந்தால் கவனம் தேவை. அதற்குக் கடன் பாக்கி இருக்கிறது என்று பொருள். இந்த இடத்தில்தான் "சம்போங் பாயார்" என்ற இனிப்பான வார்த்தை வரும். "முன்பணம் மூவாயிரம் கொடுங்கள். பேர் மாற்ற வேண்டாம். மாதம் மாதம் என்னிடம் கட்டுங்கள், நான் வங்கியில் கட்டிவிடுகிறேன்" என்பார்கள். வங்கிக் கடன் கிடைக்காத நம் ஏழைகளுக்கு இது கடவுள் திறந்த கதவு மாதிரி இருக்கும்.

1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டி முடியும் வரை வண்டிக்குச் சொந்தக்காரர் வங்கிதான். வங்கியின் சம்மதமில்லாமல் அதைக் கைமாற்றுவது குற்றம். நீங்கள் கட்டுகிற பணத்துக்கு உங்களுக்கு எந்த உரிமையும் வராது. எங்கள் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனார் இப்படித்தான் ஒரு வேனை எடுத்தார். மாதம் தவறாமல் பத்தொன்பது மாதம் பணம் கொடுத்தார். வாங்கியவரோ வங்கியில் கட்டவே இல்லை. வங்கி சும்மா இருக்குமா? முறைப்படி எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பியது. கடிதம் யார் வீட்டுக்குப் போகும்? கடன் எடுத்தவர் வீட்டுக்கு. இவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை விடியலில் ஆட்கள் வந்தார்கள், தாளைக் காட்டினார்கள், வேனை எடுத்துப் போய்விட்டார்கள். உள்ளே இருந்த அண்டாவையும் அடுப்பையும் மட்டும் இறக்கிக்கொள்ள விட்டார்கள். அந்த வேனில்தான் பிள்ளையும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் கதை தெரிந்தது. வாசலில் அடுப்பு மழையில் நனைந்து கிடந்தது. பணத்தை வாங்கியவர் இருந்த வீட்டில் வேறு குடித்தனம்.

ஆகவே வங்கிப் பாக்கி இருந்தால் வழி ஒன்றுதான். விற்கிறவரோடு வங்கிக்கே போங்கள். பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தொகையை நேரே வங்கியில் கட்டி, வங்கியின் உரிமையை நீக்கிய பிறகு மீதியை அவரிடம் கொடுங்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் வண்டி பரிசோதனைக்குப் போக வேண்டும். பி5 என்று அந்தச் சோதனைக்குப் பெயர். வங்கிக் கடனில் வாங்குவதானால் பி7. 1994 முதல் இந்த வேலையைப் புஸ்பகோம் மட்டுமே செய்துவந்தது. 2024 ஆகஸ்டோடு அந்த ஏகபோகத்தை முடித்து, மற்ற நிறுவனங்களுக்கும் இடம் தர அரசாங்கம் முடிவெடுத்தது. சுபாங் ஜெயா பக்கம் உள்ளவர்களுக்குப் பழக்கமான இடம் ஷா ஆலாம் பாடாங் ஜாவா. ஒன்று சொல்ல வேண்டும்: "புஸ்பகோமே பாஸ் பண்ணிவிட்டது, இனி என்ன பயம்?" என்று விற்கிறவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சோதனை முக்கியமாக வண்டியின் அடையாளத்தையும் கட்டமைப்பையும் பார்ப்பது. எண்கள் சரியா, வெட்டி ஒட்டியதா என்பது அங்கே தெரியும். கிளட்ச் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கு அது ஜாமீன் அல்ல.

விலை பேசும்போது தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கேட்கிற விலை 12,000. டயர் நான்கும் மாற்ற 800. தரையை ஒட்டவைக்க 1,200. காப்புறுதி, சாலை வரி, பரிசோதனை எல்லாம் சேர்த்து 1,000. ஆக 15,000 வெள்ளி வேன் அது. இந்தக் கூட்டலை விற்கிறவர் முன்னாலேயே போடுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், எண்கள் பேசட்டும். முன்பணம் கொடுத்தால் ரசீது. அதில் இருவர் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், அடிச்சட்ட எண், தொகை, "பரிசோதனையில் தேறாவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். அந்த வரியை எழுதத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பழைய சொந்தக்காரரின் காப்புறுதி உங்களைக் காக்காது என்பதால், உங்கள் பெயரில் புதிதாக எடுத்த பிறகே சாலையில் இறக்குங்கள்.

எல்லாம் பார்த்தும் ஏமாந்துவிட்டால்? வாங்கியது வியாபாரியிடம் என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பழைய பொருளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்தவர் என்று தனி ஆளிடம் வாங்கியிருந்தால் அந்தக் கதவு திறக்காது. தெரிந்தவரிடம் வாங்குவது பத்திரம் என்று நினைக்கிறோமே, சட்டத்தின் கண்ணுக்கு அது நேர்மாறு. தெரிந்தவரிடம் வாங்கும்போதுதான் இன்னும் கூடுதலாகத் தட்டிப் பார்க்க வேண்டும், கூச்சப்பட வேண்டாம்.

பள்ளி வேனாக ஓடிய பழைய வண்டியை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் பலகாரக் கடையாக மாற்றலாமா என்று காப்பாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாற்றலாம் அம்மா. ஆனால் கழற்றிவிட்டுப் பிறகு கேட்கக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்; இல்லாவிட்டால் அபராதம், பரிசோதனையிலும் தேறாது. விற்பதற்கு உங்கள் ஊராட்சி மன்றத்தின் உரிமம் தனி. வாங்கும் முன்பே, எந்த இடத்தில் நிறுத்தி விற்க உரிமம் தருவார்கள் என்று அந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத இடம் என்றால் வேனை விட்டுவிட்டு வீட்டிலேயே சுட்டு, கடைகளுக்குப் போடலாம். இன்னொன்று, பள்ளி வேன் என்றால் காலையும் மாலையும் நின்று நின்று ஓடிய வண்டி. கிளட்சையும் பிரேக்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.